ஏற்காடு ஏற எது நல்லது: ட்யூனிங் பாக்ஸா, ரீமேப்பா?

டர்போ டீசல் கார் வைத்திருக்கும் சேலத்துக்காரர்கள், குடும்பத்தோடு ஒருமுறை ஏற்காடு ஏறி வந்ததும் கேட்பது இதைத்தான்: "வண்டி இன்னும் கொஞ்சம் இழுக்க என்ன பண்ணலாம்?" மூன்று வழி இருக்கிறது. சென்சார் ஒயரில் செருகும் ட்யூனிங் பாக்ஸ். எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குள் இருக்கும் மேப்பையே, அதாவது எப்போது எவ்வளவு டீசல் என்பது போன்ற அட்டவணைகளையே, திருத்தும் ரீமேப். கம்பெனி ஈசியூவைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைப்பது. மூன்றாவது பந்தய வண்டிக்குச் சரி. காலை ஸ்டார்ட்டிங்கிலிருந்து ஏசி போட்டால் ஐடில் எவ்வளவு என்பது வரை எல்லாவற்றையும் புதிதாக செட் பண்ண வேண்டும். தினமும் ஆபீஸ் போகிற காருக்கு அது வேண்டாம்.

நான் முதலில் வாங்கியது பாக்ஸ்தான். விலை குறைவு, மாட்ட பத்து நிமிடம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் டீசல் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்று சொல்லும் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் அது உட்காரும். இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். ஈசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும், டீசல் கூடுதலாக இறங்கும், பிக்கப் கிடைக்கும். ஆனால் எஞ்சினைக் காக்க வேண்டிய ஈசியூவுக்கே உண்மையான அளவு தெரியாமல் போகிறது.

அதன் பலனை மலையில்தான் பார்த்தேன். அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவு வரை வண்டி பறந்தது. பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் முழுசாக மிதித்தபோது எஞ்சின் விளக்கு எரிந்து இழுவை செத்துப்போனது. ஈசியூ, எஞ்சினைக் காக்க சக்தியைக் குறைத்துவிடும் லிம்ப் மோடுக்குப் போய்விட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, வண்டிக்குள் கிளட்ச் பிளேட் கருகும் வாடை, பின் சீட்டில் அம்மா. ஓரங்கட்டி மெக்கானிக்கிற்கு போன் போட்டேன். "தம்பி, முதல்ல அந்தப் பெட்டியக் கழட்டிட்டு, சாவிய ஆஃப் பண்ணிப் போட்டு ஏறிப் பாருங்க" என்றார். கழற்றினேன், ஏறியது. அப்புறம் அதை மாட்டவே இல்லை.

ரீமேப் பொய் சொல்வதில்லை. எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டீசல், டர்போ எவ்வளவு காற்று தள்ள வேண்டும், புகை வராமலிருக்க எங்கே நிறுத்த வேண்டும், டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்ற அட்டவணைகளையே திருத்துகிறார்கள். சென்சார்கள் உண்மையைச் சொல்கின்றன, பாதுகாப்பு வேலை செய்கிறது. விலை பல மடங்கு என்பது உண்மை. திருத்திய மேப் ஃபைலை எழுதுகிறவர் கை சுத்தமாக இல்லையென்றால் பாக்ஸைவிட மோசமாகவும் போகும். எங்கிருந்தோ வந்த ரெடிமேட் ஃபைலை ஏற்றித் தருகிறவரிடம் போகாதீர்கள். உங்கள் வண்டியை ஓட்டி, ஓடும்போது சென்சார்கள் காட்டும் அளவுகளை லாக் எடுத்து, அதைப் பார்த்துத் திருத்துகிறவர்தான் வேண்டும்.

மலை ஏறுகிறவர்கள் அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் 1,013 மில்லிபார் இருக்கும் காற்றழுத்தம் அங்கே 845 அளவுக்கு இறங்கிவிடும். மேப்பில் 2 பார் (2,000 மில்லிபார்) முழு அழுத்தம் கேட்டிருந்தால், சேலத்தில் டர்போ காற்றை ஏறக்குறைய இரண்டு மடங்கு அமுக்கினால் போதும். மேலே கிட்டத்தட்ட 2.4 மடங்கு அமுக்க வேண்டும், அதற்கு இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். கம்பெனி மேப்பில் உயரத்துக்கு ஏற்ப பூஸ்ட்டை (டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தை) குறைக்கும் திருத்தம் இருக்கும். "அதை எடுக்காதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

டர்போ இல்லாத பெட்ரோல் கார் என்றால் இரண்டுமே பணத்துக்கு ஈடாகாது. மலையில் காற்று குறைவதால் போகிற சக்தியை மேப் திருப்பித் தராது.

இனி ரெவ் லிமிட், அதாவது எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் வரை சுற்றலாம் என்ற வரம்பு. பாக்ஸ் இதைத் தொடாது, ரீமேப்பில் மாற்றலாம். "லிமிட்டையும் 500 ஏத்தித் தரேன்" என்று இலவச இணைப்பு போலச் சொல்வார்கள். வேண்டாம். ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 டீசலுக்கு உச்ச டார்க் 190 நியூட்டன் மீட்டர் 2,000 ஆர்பிஎம்மிலும், உச்ச சக்தி 4,000 ஆர்பிஎம்மிலும் வரும். அதற்கு மேலே சுற்றினால் சத்தம்தான் கூடும். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இழுக்கும் விசையோ ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். பெட்ரோல் எஞ்சினில் 6,000-ஐ 6,600 ஆக்கினால் சுழற்சி 10 சதவீதம்தான் கூடும், விசை 21 சதவீதம் கூடும். வால்வு ஸ்பிரிங் கேம் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் போனால் வால்வு மூட நேரமின்றி பிஸ்டனில் இடிக்கும்.

பெட்ரோலில் லிமிட் வேலை செய்யும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. பெட்ரோலை நிறுத்துவது ஒன்று, ஸ்பார்க்கை நிறுத்துவது இன்னொன்று. ஸ்பார்க்கை நிறுத்தினால் எரியாத பெட்ரோல் சைலன்ஸருக்குள் போய் வெடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே சிலர் கேட்டு வாங்குகிறார்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்தச் சூட்டில் உருகிப்போகும். தெருவில் ஓடும் வண்டிக்கு பெட்ரோலை நிறுத்தும் ஃபியூயல் கட்தான் சரி.

இறக்கத்தில் எந்த லிமிட்டும் உதவாது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது எரிபொருள் ஏற்கனவே நின்றிருக்கும். நான்கு பேரும் லக்கேஜுமாக வண்டி எடையே எஞ்சினைச் சுற்றும்போது ஈசியூ வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவதிலிருந்து முதல் கியரில் தவறிப் போட்டுக் கிளட்ச்சை விட்டாலும் அப்படித்தான். பிரேக்கில் வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு கியரை இறக்குங்கள்.

கடைசியில் நான் ரீமேப்தான் செய்தேன். கிளட்ச் தாங்க வேண்டுமே என்று டார்க்கை 225 நியூட்டன் மீட்டரில் நிறுத்தச் சொன்னேன். 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே கூடுதல் டீசல் வேண்டாம், ரெவ் லிமிட் கம்பெனி வைத்தபடியே இருக்கட்டும் என்றேன். கரும்புகை இல்லை. இருபது வளைவுகளையும் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஏறிவிடுகிறது. வாரண்டி இருக்கிற வண்டி என்றால் அது முடியும்வரை பொறுங்கள். செய்யும் நாளில் ஒரிஜினல் ஃபைலை ஒரு பென் டிரைவில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.