கம்ரா: அவசரக்காரர்களுக்கான சென்ட் இல்லை

லத்தாஃபாவின் கம்ராவைக் கடையில் காகிதத் துண்டில் அடித்து முகர்ந்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள். இனிப்பு வாசம் பிடிக்காதவர்கள் அங்கேயே முகத்தைச் சுளித்துவிடுவார்கள். பிடித்தவர்களோ, இனிப்பு மட்டும்தான் இதில் இருக்கிறது என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். இரண்டு பேருமே சரக்கின் நல்ல பாதியைப் பார்க்காமல் பேசுகிறவர்கள்.

நான் ஷார்ஜாவில் நர்ஸ். வார்டுக்கு சென்ட் போட்டுக்கொண்டு போக முடியாது. மூச்சுத் திணறலோடு படுத்திருப்பவர் பக்கத்தில் போய் நிற்கிற வேலை. அதனால் எனக்கு சென்ட் என்றால் லீவு நாள் சமாச்சாரம். வாரத்தில் கிடைக்கிற அந்த ஒரு சாயங்காலத்துக்கு நன்றாக இருக்க வேண்டும், நெடுநேரம் நிற்க வேண்டும், சம்பளத்தைக் கடிக்கக் கூடாது. கம்ரா மூன்றிலும் தேறிவிட்டது. 100 மில்லி பாட்டிலுக்கு நான் கொடுத்தது நூறு திர்ஹத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே.

லத்தாஃபா அமீரக நிறுவனம். கம்ரா 2022-இல் வந்தது. பட்டை பட்டையாக வெட்டிய கனமான கண்ணாடி பாட்டில். பார்க்கிறவர்கள் மது பாட்டில் என்றுதான் நினைப்பார்கள், உள்ளே இருக்கும் நிறமும் அப்படித்தான். மேசை மேல் வைக்க அழகு. கைப்பையில் தூக்கிக்கொண்டு அலைய ஆகாது.

அடித்தவுடன் வருவது இலவங்கப்பட்டை, சாதிக்காய், கூடவே எலுமிச்சை இனப் பழமான பெர்கமாட்டின் மெல்லிய வாசம். பெர்கமாட் சில நிமிடங்களில் ஓடிவிடும். பிறகு பேரீச்சம்பழமும், கொட்டைப் பருப்பைச் சர்க்கரையில் கிளறிய மிட்டாயான பிரலைனும் சேர்ந்து ஒரு கெட்டியான இனிப்பு. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் அடுப்பின் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். சம்பங்கியும் போட்டிருப்பதாகப் பட்டியல் சொல்கிறது. என் மூக்குக்கு அது எட்டவில்லை. இந்தக் கட்டம் எனக்கே கொஞ்சம் திகட்டும். லிஃப்டில் ஏறினால் உடன் வருகிறவர் திரும்பிப் பார்ப்பார், எப்போதும் பாராட்டாக இருக்காது.

பொறுங்கள். ஒரு மணி நேரம் போகட்டும். லேசான பொருள்கள் ஆவியாகிப் போன பிறகு, கனமானவை மட்டும் தோலில் தங்கும்: வெனிலா, அதைப் போலவே மணக்கும் டோங்கா பீன் விதை, பென்சாயின், மிர்ரா. பென்சாயின் வேறொன்றுமில்லை, நம் சாம்பிராணி வகைதான். மிர்ரா என்பது வெள்ளைப்போளம், மூன்று ராஜாக்கள் பாலன் இயேசுவுக்குக் கொண்டுவந்த அதே பிசின். இனிப்பு அடங்கி, அதன் அடியில் இந்தப் பிசின்களின் லேசான கசப்பும் புகை மாதிரி ஒரு சாயலும் எழும்பும்போதுதான் கம்ரா கம்ராவாகிறது. தூத்துக்குடிக்கு லீவில் போயிருந்தபோது என் துப்பட்டாவை மடித்துவைத்த அம்மா, “என்னடி, பூசைக்குப் போயிட்டு வந்த மாதிரி மணக்குது?” என்று கேட்டார். அம்மா சரியாகத்தான் பிடித்துவிட்டார்.

அரபு சென்ட் என்றாலே ஊத் (நம் அகில் கட்டை வாசம்), தலைவலி என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறைய. இதில் அந்தக் காட்டமான ஊத் கிடையாது. பேரீச்சம்பழமும் பிசினும் சேர்ந்தே அரபு வீட்டு வரவேற்பறையைக் கண்முன் கொண்டுவந்துவிடுகின்றன.

கிலியனின் ‘ஏஞ்சல்ஸ் ஷேர்’ மாதிரியே இருக்கிறது, அதன் மலிவுப் பதிப்பு இது, என்று சொல்லாத ஆளே இல்லை. 2020-இல் வந்த அந்த பிரெஞ்சு சென்ட்டின் விலை இதைவிடப் பல மடங்கு. மால் கடையில் முகர்ந்து பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் பட்டையும் இனிப்பும் ஒத்துப்போகின்றன, உண்மைதான். ஆனால் அது கோன்யாக் என்ற பிராந்தியும் ஓக் மரமுமாகப் போகிறது. இது பழமும் சாம்பிராணியுமாக இறங்குகிறது. அதில் இருக்கும் நளினம் இதில் இல்லை. அதற்காக அந்த விலையை நான் கொடுக்கப் போவதும் இல்லை.

எப்போது போடுவது? ஜூலை மாத அமீரகத்தில், 45 டிகிரி வெயிலில், பகலில் வேண்டவே வேண்டாம். சூட்டில் எல்லாம் ஒரேயடியாக ஆவியாகி, பக்கத்தில் நிற்பவருக்கு மூச்சு முட்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இரவுகள், இல்லாவிட்டால் ஏசி அறை. இரண்டு ஸ்ப்ரே போதும். கழுத்தில் ஒன்று, துணியில் ஒன்று. தோலில் மாலை முழுக்க நிற்கும், துணியில் மறுநாளும் இருக்கும். வெள்ளைத் துணியில் மட்டும் அடிக்காதீர்கள். வெனிலாவில் இருக்கும் வெனிலின் நாள்பட நாள்படப் பழுப்பாகும். இந்த மாதிரி சென்ட் எதுவாக இருந்தாலும் கறை பிடிக்கும்.

என்னோடு வேலை பார்க்கும் எகிப்துக்கார அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்த வழி இன்னும் நல்லது. இங்கே பலரும் சென்ட்டை மட்டும் தனியாகப் போட மாட்டார்கள். முதலில் துணிக்கு பகூர் என்ற வாசனைக் கட்டையின் புகை காட்டுவார்கள், அப்புறம் அத்தர், கடைசியில்தான் ஸ்ப்ரே. பகூர் புகை ஏறிய அபாயா மேல் கம்ராவை அடித்தால், அந்த முதல் ஒரு மணி நேரத் திகட்டலைப் புகை வெட்டிவிடுகிறது. ஃபிளாட்டில் பகூர் போடும்போது ஸ்மோக் டிடெக்டரைக் கவனியுங்கள், அவ்வளவுதான்.

வாங்குவதில் கவனம் தேவை. ஓடுகிற சரக்கு என்பதால் போலியும் உண்டு. என் தங்கை ஊரில் ஏதோ ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கிய பாட்டில் அரை மணி நேரத்தில் வெறும் ஸ்பிரிட்டாகிவிட்டது. துபாய் போனால் தேரா பகுதியின் பெர்ஃப்யூம் சூக்கை, அதாவது வாசனைச் சந்தையை, சுற்றிப் பாருங்கள். கோல்ட் சூக் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஆனால் அங்கே பேரம் பேசத் தெரிய வேண்டும். பேரம் வராதவர்கள் சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிவிடலாம்.

2023-இல் வந்த கம்ரா கஹ்வாவையும் கேட்பீர்கள். ஏலக்காய், காபி சேர்த்தது. அரபிகள் குடிக்கும் கஹ்வாவின் துவர்ப்பை எதிர்பார்த்துப் போனேன். பாலும் சர்க்கரையும் தாராளமாக ஊற்றிய காபிதான் வந்தது. தங்கைக்கு அதுதான் வேண்டுமாம். அடுத்த லீவுக்கு ஒன்று கொண்டுபோக வேண்டும், கைப்பையில் இல்லை, செக்-இன் பெட்டியில் துண்டு சுற்றி.