790 யூனிட்: எங்கள் வீட்டு கரண்ட் பில்லோடு மூன்று கோடை

2023 ஜூன் 10 காலையில் ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் போனுக்கு எஸ்எம்எஸ் வந்தது. 790 யூனிட், 4,460 ரூபாய். அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்கு 460 யூனிட், 1,485 ரூபாய் கட்டியிருந்தோம்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெள்ளை அட்டையோடு வந்து உட்கார்ந்தார். "ஏம்பா, யூனிட்டு ரெண்டு மடங்குகூட ஆகல. காசு மட்டும் எப்படி மூணு மடங்கு ஆச்சு?"

நாங்கள் இருப்பது வேலூர். இங்கே வெயிலைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரைப் பகலில் திறந்தால் கை சுடும். கீசர் பங்குனியிலேயே ஓய்வு பெற்றுவிடும். கோடையில் பில் ஏறும் என்பது தெரிந்ததுதான். இவ்வளவா என்பதுதான் கேள்வி.

முதலில் அப்பாவின் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தேன். அவர் மனதில் இருந்தது பழைய கட்டணம். அப்போதெல்லாம் 500 யூனிட்டுக்கு மேல் எவ்வளவு ஓடினாலும் யூனிட்டுக்கு 6 ரூபாய் 60 பைசாதான். 2022 செப்டம்பரில் அது மாறியது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, அதற்கடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-இலிருந்தே 4.50. 501-க்கு 1,958 ரூபாய். அதாவது அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்கு மேல் 600 வரை 8, 800 வரை 9, ஆயிரம் வரை 10, அதையும் தாண்டினால் 11. 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி கூடியது, ஆனால் படிக்கட்டு இதேதான். இந்தப் பதிவில் வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் 2023 கட்டணத்தில் போட்டது. யூனிட்டை மட்டும் கவனியுங்கள், ரூபாய் மாறிக்கொண்டே இருக்கும்.

பில் கணக்கு சரி. மீட்டர் சரியா? பிரிவு அலுவலகத்தில் பணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம். மனு எழுதக்கூட உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முன் நாமே பார்த்துவிடலாமே என்று தோன்றியது. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும், பக்கத்தில் 3200 என்று போட்டிருக்கும். எங்கள் மீட்டரில் அப்படித்தான், உங்களுடையதில் வேறு எண் இருக்கலாம். 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி 19-ஆல் பெருக்கினால், அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்பது தோராயமாகக் கிடைத்துவிடும்.

வாளித் தண்ணீரில் போடும் 1500 வாட் ஹீட்டர் ராடை எடுத்தேன். அயர்ன் பாக்ஸ் இதற்கு உதவாது, அது சூடேறியதும் தானாக அணைந்து அணைந்து எரியும். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ராடை மட்டும் போட்டேன். கணக்குப்படி 80 முறை மின்ன வேண்டும். எண்ணியதில் 76. எங்கள் தெருவில் வோல்டேஜ் எப்போதும் கொஞ்சம் குறைவு, அதற்கு இது சரியாகவே இருந்தது. மனுவைக் கிழித்துப் போட்டேன். மீட்டர் யோக்கியம், திருடன் வீட்டுக்குள்தான்.

திருடனைப் பிடித்ததும் அதே சிவப்பு விளக்குதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் திட்டத் திட்ட, ஃபேன், லைட், டிவி எல்லாவற்றையும் அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். விளக்கு அசையாமல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு நிமிடத்தில் எட்டு முறை மின்னியது. எட்டு என்றால் 150 வாட். சும்மா பூட்டிக் கிடக்கும் வீடே இரண்டு மாதத்தில் 216 யூனிட் சாப்பிடும் என்று அர்த்தம். மறுபடி எண்ணினேன். அதே எட்டு.

ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில் கடைசியில் மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டரில் வந்து நின்றது. அதன் பிளக்கை எடுத்ததும் எட்டு ஒன்றாகிவிட்டது. மோடமும் செட்டாப் பாக்ஸும் அதில்தான் ஓடுகின்றன, அவற்றுக்கு ஒரு 25 வாட் போகட்டும். மீதி நூறு வாட்டுக்கு மேல் பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்தது, கரண்ட் கட்டே இல்லாத நாளிலும். நாலரை வருடப் பழைய பேட்டரி. பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தால் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் இருக்குமே, அந்தச் சூடு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊற்றிக்கொண்டிருந்த டிஸ்டில்டு வாட்டரை அந்த வருடம் மாதா மாதம் வாங்கினோம். வெயிலுக்கு வற்றுகிறது என்று நினைத்தோம். வெயில் இல்லை. செத்துக்கொண்டிருந்த பேட்டரி முழு சார்ஜுக்குப் போக முடியாமல் நாள் முழுக்கக் கரண்ட்டை இழுத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "சார், பேக்கப் இன்னும் ஒரு மணி நேரம் வருதுல்ல, இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்" என்றார். இந்த அறிவுரையைத்தான் முந்தைய வருடமும் கேட்டிருந்தேன்.

புது பேட்டரிக்குப் பழையதைக் கொடுத்து மேலே 12,500 ரூபாய் ஆனது. மாற்றி இரண்டு நாள் கழித்து எண்ணிப் பார்த்தேன். இன்வெர்ட்டர் லைனில் ஏழுக்குப் பதில் இரண்டு. இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 130 யூனிட் மிச்சம்.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. கோடை பில் என்றாலே எல்லோரும் ஏசியைத் திட்டுகிறோம். அந்த 790-இல் ஏசிக்குப் போனது 280 யூனிட்போல இருக்கும். மீதி 510 ஏசி இல்லாமலே ஓடியது. இலவச 100, மலிவான 4.50, 6 எல்லாவற்றையும் அந்த 510 தின்று தீர்த்த பிறகுதான் ஏசி வந்து உட்காருகிறது. அதனால் ஏசியின் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய், 9 ரூபாய். பேட்டரி வீணடித்த அதே 130 யூனிட்டைக் குறைத்தால் மாசி, பங்குனி பில்லில் 675 ரூபாய் மிச்சம், கோடை பில்லில் 1,170. ஏசியை அணைத்துவிட்டு வேர்த்துக்கொண்டு கிடப்பதற்கு முன்னால் அந்த 510-ஐக் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்து ஃபேன். 2023 ஆகஸ்டில் குறைந்த கரண்ட்டில் ஓடும் பிஎல்டிசி (BLDC) ஃபேன் இரண்டு, அடுத்த வருடக் கடைசியில் இன்னொன்று. பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட், இது 30-ஐ ஒட்டி. எங்கள் ஊரில் ஃபேன் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது சுற்றும், மூன்றுக்கும் சேர்த்து இரண்டு மாதத்தில் 97 யூனிட் குறையும் என்பது கணக்கு. கணக்கு பொய்யாகவில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் நின்று பிடிக்கும் நேரமும் கூடியது, அதுதான் அம்மாவுக்குப் பிடித்தது. பிடிக்காதது ரிமோட். ராத்திரி இரண்டு மணிக்கு வேகத்தைக் குறைக்க இருட்டில் ரிமோட்டைத் தேடிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு. இப்போது ஒரு நூலில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. இன்னொன்று, பழைய ஃபேன் நின்றுபோனால் தெருமுனைக் கடையில் காயில் கட்டித் தருவார்கள். இதில் ஒன்று பதினாலாவது மாதம் ஒரு மின்னல் மழையில் நின்றது. உள்ளே இருக்கும் போர்டு போய்விட்டது, காயில் கட்டுபவர் கையை விரித்துவிட்டார். வாரண்டி இருந்ததால் பிழைத்தோம், ஆனால் பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். வாங்குகிறவர்கள் வாரண்டி எத்தனை வருடம் என்பதை முதலில் பாருங்கள், இறக்கையின் டிசைனை அப்புறம் பார்க்கலாம். பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கதவு ரப்பர் ஒரு மூலையில் தளர்ந்திருந்தது, மாற்றினோம், சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வைத்தோம். போர் மோட்டார் மட்டும் ஆச்சரியம். மார்கழியில் நாற்பது நிமிடத்தில் நிரம்பும் தொட்டி, வைகாசியில் ஒன்றே கால் மணி நேரம் எடுக்கிறது. நீர்மட்டம் கீழே போனதால் மோட்டார் கூடுதலாக உழைக்கிறது. இதற்கு என்னிடம் தீர்வில்லை, தொட்டி வழிகிறதா என்று ஒருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர.

சரி, ஏசி. ஒன்றரை டன், மூன்று ஸ்டார், 2019-இல் வாங்கியது. ஸ்டிக்கரில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பதை அறுபது நாளுக்கு வகுத்துப் பார்த்து நான் ஏமாந்தது தனிக்கதை. அந்த எண் வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்து, வெளியே 24 டிகிரி இருக்கும் நேரத்திலிருந்து 43 டிகிரி வரை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த சராசரி. எங்கள் மாடி அறையில் மே மாத ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சராசரிக்கு வேலையே இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில்தான் அதைக் கீழே கொட்டும். அறைக் கடிகாரத்தில் இருக்கும் வெப்பமானி 36 காட்டும். இன்வெர்ட்டர் ஏசி குளிர்ந்ததும் மெதுவாக ஓடி மிச்சம் பிடிக்கும் என்பார்கள். குளிர்ந்தால்தானே? ஒரு மணி வரைக்கும் முழு வேகத்தில் ஓடும். பையன் 20-இல் வைத்துவிட்டுப் போர்வையைத் தேடுவான்.

2020-இலிருந்து வரும் ஏசிகள் போட்டதும் 24-இல் நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்று ஸ்டார் ஸ்டிக்கர் தரும் மத்திய அரசு அமைப்பான பிஇஇ சொல்கிறது. எங்களுடையது அதற்கு முந்தியது, போன ராத்திரி விட்ட இடத்திலேயே நிற்கும். 26-இல் வைத்து ஃபேனை இரண்டில் ஓடவிடும் பழக்கத்துக்கு வர வீட்டில் ஒரு முழுக் கோடை சண்டை நடந்தது.

தளத்துக்கு 2025 மார்ச்சில் வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்தோம். 700 சதுர அடி, இரண்டு கோட், கூலியோடு 14,000. பக்கத்து வீட்டுப் பெரியவர், "சுண்ணாம்பு அடிச்சா ரெண்டாயிரத்துல முடிஞ்சிருக்குமேப்பா" என்றார். தப்பில்லை. சுண்ணாம்பும் வேலை செய்யும், ஒரு மழைக்கு மேல் நிற்காது, நடந்தால் காலெல்லாம் வெள்ளை. பெயின்ட் அடித்த பிறகு நாலு மணிக்கு வெறுங்காலோடு மாடியில் நிற்க முடிந்தது. ராத்திரி பத்துக்கு அறை 33. ஏசிக்கு ஒரு ராத்திரிக்கு ஆறு யூனிட்டுக்கு மேல் போனது, ஐந்துக்குக் கீழே வந்தது. ஆனால் 2025 மே மாதம் நடுநடுவே மழை பெய்தது, அதனால் எவ்வளவு பெயின்ட், எவ்வளவு வருண பகவான் என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். பத்தே மாதத்தில் புழுதி படிந்து பழுப்பேறிவிட்டது. தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினால் பாதி வெள்ளை திரும்புகிறது. இதைப் பெயின்ட் கடையில் யாரும் சொல்லவில்லை.

கோடை பில்கள் இப்படி இறங்கின: 2023-இல் 790, 2024-இல் 640, 2025-இல் 515. 2024 ஏப்ரல் வெயில் தெரியும்தானே, பேட்டரியும் இரண்டு ஃபேனும் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை அது திரும்ப எடுத்துக்கொண்டது. 2025-இல் 500-க்குள் வந்திருப்போம். லீவுக்கு அக்கா பிள்ளைகளோடு வந்து பத்து நாள் இருந்தாள், கீழ் அறையிலும் ஏசி ஓடியது. அந்தப் பதினைந்து யூனிட்டில் சலுகை போனது. அப்பா அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அக்கா ஊருக்குக் கிளம்பிய பிறகு, "அடுத்த தடவ ரீடிங் எடுத்த மறுநாள் வரச் சொல்லு" என்றார்.

போன வாரம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மூன்று மாதத்துக்கு முன்புதான் ஊற்றியிருந்தேன், மிதவை அதற்குள் கீழே இறங்கியிருந்தது. பக்கவாட்டில் கை வைத்தேன். லேசாக வெதுவெதுப்பு. அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நிற்பதாக வீட்டில் சொல்லிவிட்டேன். மதியம் டிவியில் படம் இருக்கிறதாம், காலையிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.