வாடகைக்கு விட்ட வீட்டில் எந்தச் செலவு உழைக்கிறது?

தாம்பரத்தை ஒட்டிய பகுதியில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு போர்ஷன். ஒன்றில் நாங்கள் இருக்கிறோம், மூன்றை வாடகைக்கு விட்டிருக்கிறோம். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இதற்குள் மீட்டர், குழாய், கதவு, பெயிண்ட், ஒப்பந்தம், அட்வான்ஸ் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. எது நின்றது, எது நிற்கவில்லை என்று இங்கே சொல்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே வரக்கூடிய ஒரு தகராறை ஒரு செலவு அடியோடு இல்லாமல் செய்தால், அது நல்ல செலவு.

அந்தக் கணக்கில் முதலிடம் தனி ஈ.பி. மீட்டருக்கு. ஒரே இணைப்பை எடுத்து, உள்ளே சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வசூலிக்கும் வழக்கம் சென்னையில் பரவலாக இருக்கிறது. அதில் வீட்டுக்காரருக்கு ஏதோ லாபம் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 செப்டம்பர் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு குடும்பம், இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு 300 யூனிட். தனித்தனி இணைப்பு என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25, அதற்கடுத்த 100-க்கு 4.50. ஆளுக்கு 675 ரூபாய், இருவருக்கும் சேர்த்து 1,350. அதே 600 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் 500-ஐத் தாண்டிவிடுகிறது. தாண்டியவுடன் 101-வது யூனிட்டிலிருந்தே 4.50, 401 முதல் 500 வரை 6, அதற்கு மேல் 8. மொத்தம் 2,750. ஏறக்குறைய இரண்டு மடங்கு! அதன்பின் கட்டணம் கூடியிருக்கிறது, ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். இந்தக் கூடுதல் பணம் வீட்டுக்காரர் கைக்கு வருவதில்லை, குடியிருப்பவர் கையிலும் நிற்பதில்லை. இலவச 100 யூனிட் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு கொடுப்பது. அதை நம் மீட்டருக்குள் அடக்கி வைத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

தனி இணைப்பு வாங்க அலைச்சல் உண்டு. தனி வாசல், தனி சமையலறை என்று வீடு உண்மையிலேயே பிரிந்திருக்க வேண்டும், வந்து பார்ப்பார்கள். வயரிங்கையும் பிரிக்க வேண்டும். எல்லாம் ஒரு முறை வேலை. அதற்குப் பிறகு மின்சாரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பேசியதில்லை. மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும் பொது மீட்டர் இருக்கிறது. பில் வந்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு நான்காகப் பிரிக்கிறோம். பத்து வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு இந்தப் பொது மீட்டர் கட்டணத்தை 2023 கடைசியில் யூனிட் 5.50 என்று குறைத்தார்கள். உங்கள் பில் அந்தக் குறைந்த கட்டணப் பிரிவில்தான் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வயரிங்கைத் தொடும்போதே படுக்கையறையில் ஏசிக்கென்று தனி லைனும், சமையலறையில் கிரைண்டருக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் 16 ஆம்பியர் பாயிண்டும் கொடுத்துவிடுங்கள். ஏசி பாயிண்ட் இல்லாத வீட்டுக்கு ஏசியோடு குடி வருகிறவர் சாதாரண பிளக்கில்தான் அதை மாட்டுவார். கருகிய சுவிட்ச் போர்டை மாற்றுவதைவிடப் புது லைன் மலிவு, முக்கியமாக அதில் ஆபத்து இல்லை.

அடுத்தது தண்ணீர். முன்பு மாடியில் ஒரே தொட்டி இருந்தது. 'கீழ் வீட்டில் துணி துவைத்தே தீர்த்துவிடுகிறார்கள்' என்ற பேச்சு வாரம் ஒரு முறை வரும். போர்ஷனுக்கு 500 லிட்டரில் ஒரு தொட்டி என்று நான்காகப் பிரித்து, தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் சென்சார் ஒன்றை வைத்தோம். பேச்சு நின்றது. சென்சாரில் உப்பு படியும், வருடத்துக்கு ஒரு முறையாவது கழற்றித் துடைக்க வேண்டும். அதை மட்டும் மறக்கக் கூடாது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. இந்தத் தண்ணீருக்குப் பளபளப்பான விலை குறைந்த குரோம் குழாய்கள் நிற்பதே இல்லை. கால் சுற்று திருப்பினாலே திறக்கும் வகைக் குழாய்க்குள் உப்புக்கல் சேர்ந்து இறுகிவிடுகிறது. குளியலறையிலும் பின்பக்கத்திலும் நல்ல கனமான பிளாஸ்டிக் குழாய் போட்டோம், அது உழைக்கிறது. பார்க்க அழகில்லைதான். குளியலறைக் கதவுக்கு மரமோ பிளைவுட்டோ வேண்டவே வேண்டாம், அடிப்பகுதி ஊறிப்போகும். ஃபைபர் கதவு போட்ட இடத்தில் கீலைத் தவிர எதையும் இதுவரை மாற்றவில்லை. பெயிண்டில், கழுவக்கூடிய எமல்ஷன் டிஸ்டம்பரைவிட விலை கூடத்தான். ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஈரத்துணியால் துடைத்தாலே போகிறது. ஷேடு நம்பரை லாஃப்ட்டின் உள்பக்கம் எழுதி வைத்தால் ஒரு சுவரை மட்டும் அடிக்கும்போது உதவும்.

சுவரில் ஆணி அடிக்காதே என்று சொல்வதை விட்டுவிட்டோம். காலண்டர், சாமி படம், கடிகாரம் எல்லாம் மாட்டாமல் ஒரு குடும்பம் எப்படி வாழும்? நாமே தேவையான இடங்களில் டிரில் போட்டு ஹூக் வைத்துவிட்டால் சுவரும் உடையாது. கூடத்தில் ஒரு தொட்டில் கொக்கியும், பின்பக்கம் துணி காயப்போடக் கொடிக்கம்பியும் வையுங்கள். வீடு பார்க்க வரும் பெண்கள் இந்த இரண்டையும் கவனிக்கிறார்கள்.

காகித விஷயத்துக்கு வருகிறேன். 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதம் என்று எழுதி பீரோவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இனி போதாது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்து, எண் வாங்க வேண்டும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். தெரியாத ஆளை நம்பி வீட்டைக் கொடுப்பவருக்கும், தெரியாத ஊரில் வந்து குடியேறுபவருக்கும் இது பாதுகாப்பு. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால் முதல் இரண்டு மாதத்துக்கு இரண்டு மடங்கு, அதற்குமேல் நான்கு மடங்கு வாடகை கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. என்ன கோபம் இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

இதைவிட எனக்குப் பயன்பட்டது அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பு. எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், தாழ்ப்பாள், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தோடு இதையும் இணைத்துக் கொடுத்துவிடுகிறோம். குடிவரும் அன்று அறை அறையாக வீடியோ எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொள்கிறோம்.

அப்படியிருக்க, காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கும் சென்னை வழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து வருடம் குடியிருந்தால் சுவர் அழுக்காகத்தான் செய்யும். அதற்குத்தானே வாடகை வாங்குகிறோம்? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் கழிவு போகத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். நாங்கள் பத்து மாத அட்வான்ஸிலிருந்து மூன்றுக்கு இறங்கினோம். வீடு பார்க்க வருகிறவர்கள் கூடினார்கள், நமக்குத் தேர்ந்தெடுக்க இடம் கிடைத்தது. அந்தப் பணத்தை வங்கியில் தனி வைப்பாகப் போட்டுவிட வேண்டும். அது நம் பணம் அல்ல.

ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனி கடைசியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டியே கிடக்கும். அதனால் ஒப்பந்தம் சித்திரை, வைகாசியில் முடியும்படி எழுதுங்கள். பள்ளி திறப்பதற்கு முன்பு இடம் மாறுகிறவர்கள் அதிகம். 12,000 ரூபாய் வாடகையில் 500 கூட்டிக் கேட்டால் வருடத்துக்குக் கிடைப்பது 6,000. அதற்காக ஒரு நல்ல குடும்பம் கிளம்பி வீடு ஒரு மாதம் பூட்டியிருந்தாலே இரண்டு வருடத்து உயர்வு போச்சு, புரோக்கர் கமிஷனும் பெயிண்டும் தனி. வருடத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் கேட்பவருக்கும் கூச்சமில்லை, கொடுப்பவருக்கும் அதிர்ச்சியில்லை.

யாருக்கு விடுவது? வேலை, முந்தைய வீட்டுக்காரரின் அபிப்பிராயம், ஆதார் நகல், இவை போதும். சாதியையும் மதத்தையும் கேட்டு வீடு மறுப்பதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. தனியாக வேலைக்குப் போகும் பெண்களும் கணவனை இழந்தவர்களும் எத்தனை வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்! எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட வாடகை தள்ளாமல் கொடுத்தவர்களில் வேறு இடங்களில் மறுக்கப்பட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

வரி விஷயம் சுலபம். வருட வாடகையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் இல்லாமலே கழித்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுப்பவர் தன் அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்குக் காட்டுவதற்காக நம் பான் எண்ணைக் கேட்பார். தயங்காமல் கொடுங்கள்.

கடன் வாங்கி ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். 60 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு மாதம் 15,000 வந்தால் வருடத்துக்கு 1,80,000, அதாவது 3 சதவீதம். பராமரிப்பும் சொத்து வரியும் அதற்குள்தான். வீட்டுக் கடன் வட்டி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்குவதாக இருந்தால் வாடகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சொந்த மனை ஏற்கெனவே இருந்து மேலே மாடி எழுப்புகிறவர்களுக்குக் கணக்கு வேறு, மனை விலை சேராததால் கட்டும் செலவுக்கு வாடகை ஓரளவு ஈடு கொடுக்கும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வரைபட அனுமதிக்குக் கொடுக்கும்போதே ஒவ்வொரு போர்ஷனையும் தனி வாசல், தனி சமையலறையோடு தனிக் குடியிருப்பாகக் காட்டச் சொல்லுங்கள். தனி மீட்டர் கேட்டுப் போகும்போது அந்த வரைபடம் கையில் இருக்க வேண்டும்.