1966 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப்: சீரமைத்து ஓட்டுபவரின் மதிப்பீடு

பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி, தன் கையாலேயே சீரமைத்து, அதைச் சாலையிலும் ஓட்ட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கின் ஹார்ட்டாப் வகையை, அதாவது நிலையான உலோகக் கூரை கொண்டதைத்தான். அதில் 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் இருந்தால் இன்னும் நல்லது. இதைவிட வேகமான கார்களும், அரிதான கார்களும், பார்ப்பவரை மலைக்கவைக்கும் கார்களும் டெட்ராய்ட்டிலிருந்து வந்திருக்கின்றன. ஆனால், உரிமையாளர் செலவிடும் ஒவ்வொரு மணி நேர உழைப்புக்கும் கண்ணெதிரே பலன் காட்டும் காராக இதையே நான் கருதுகிறேன். மிச்சிகனில் இப்படி ஒரு காரைச் சீரமைத்து ஓட்டிவருபவன் என்ற முறையில், இதை வாங்க நினைப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் காரின் மிகப் பெரிய பலம், அது ஏராளமாகச் செய்யப்பட்டது என்பதே. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் தொடக்க விலையில் மஸ்டாங் அறிமுகமானபோது, அதன் அடித்தளத்தின் பெரும்பகுதி ஃபால்கன் என்ற எளிய குடும்பக் காரிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. 1966 மாடல் ஆண்டில் மட்டும் 6,07,568 மஸ்டாங்குகள் ஆலைகளை விட்டு வெளியே வந்தன. அவற்றில் 4,99,751 கார்கள் ஹார்ட்டாப். இன்றைக்குத் தரைத்தகடு, மட்கார்டு, இருக்கை உறை, கதவு ரப்பர், பின்விளக்குக் கண்ணாடி, குதிரைச் சின்னம் என்று ஏறக்குறைய எல்லா உதிரிபாகங்களும் புதிதாகத் தயாரிக்கப்பட்டுக் கிடைப்பதற்கு இந்த எண்ணிக்கையே காரணம். குறைந்த எண்ணிக்கையில் வந்த கார்களை வைத்திருப்பவர்கள் ஒரு குரோம் பட்டைக்காக மாதக்கணக்கில் பழைய இரும்புக் கிடங்குகளில் தேடி அலைகிறார்கள். மஸ்டாங்காரருக்கு அந்த அலைச்சல் இல்லை. ஆனாலும் புதிதாகச் செய்யப்படும் தகடுகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. மலிவான மட்கார்டு கதவோடு சீரான இடைவெளியில் பொருந்த மறுக்கும். அதை வெட்டித் தட்டிப் பொருத்த ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால், பழைய மட்கார்டையே டிங்கரிங் செய்து காப்பாற்றியிருக்கலாம் என்று தோன்றும்.

வாங்குவதற்கு முன் காரைப் படிக்கத் தெரிய வேண்டும். இடப்பக்க உள் மட்கார்டில் பொறிக்கப்பட்டுள்ள வண்டி எண்ணின் முதல் இலக்கம் 6 என்றால் அது 1966 மாடல். அடுத்த எழுத்து ஆலையைச் சொல்லும்: எஃப் (F) என்றால் டியர்போர்ன், ஆர் (R) என்றால் சான் ஓசே, டி (T) என்றால் நியூ ஜெர்சியின் மெட்டூச்சன். பின்வரும் இரண்டு இலக்கங்களில் 07 ஹார்ட்டாப்பையும், 08 கூரையை மடக்கக்கூடிய கன்வர்ட்டிபிளையும், 09 கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக்கையும் குறிக்கும். ஐந்தாவதாக வரும் எழுத்துதான் விலையைத் தீர்மானிப்பது. டி (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், சி (C) என்றால் 200 குதிரைத்திறன் கொண்ட 289, ஏ (A) என்றால் அதே 289இல் 225 குதிரைத்திறன், கே (K) என்றால் 271 குதிரைத்திறன். ஆறு சிலிண்டர் காரில் பின்னாளில் வி8 பொருத்தி விற்பவர்கள் உண்டு. அப்படிச் செய்வதில் தவறில்லை, ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும். சக்கரத்தில் ஐந்து நட்டுகளுக்குப் பதில் நான்கே இருந்தால், அந்த வண்டி ஆறு சிலிண்டராகப் பிறந்தது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். பிரேக்கும் பின் ஆக்சிலும் வி8க்கு ஏற்றபடி மாற்றப்படவில்லை என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. 1967 முதல் வந்த கார்களுக்கு ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளிலிருந்து மார்ட்டி அறிக்கை என்ற சான்று பெற முடியும். 1966க்கு அந்த வசதி இல்லாததால், வண்டி எண்ணும் கதவில் ரிவெட் அடித்த தகடும்தான் நமக்குச் சாட்சிகள்.

இனி துரு. இந்தக் காரைப் பற்றி ஒருவர் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள விரும்பினால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்களுக்கு முன்னால், காற்று உள்ளே போவதற்கான துவாரங்கள் கொண்ட ஒரு தகட்டுப் பெட்டி இருக்கிறது. அதன் வழியே காற்று மட்டுமல்லாமல் மழைநீரும் இலைகளும் உள்ளே போகும். உள்ளே காற்று நுழையும் குழல்களின் ஓரத்தில் இலைகள் மக்கி, ஈரம் தங்கி, தகடு துருப்பிடித்து ஓட்டையாகும். அதன்பின் பெய்யும் ஒவ்வொரு மழையும் நேராகக் காலடிக் கம்பளத்தின் மேல் சொட்டும். கம்பளத்தின் அடியில் இருக்கும் பஞ்சு அந்த நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் தரைத்தகடும் அரித்துப்போகும். தரைத்தகட்டை மட்டும் மாற்றி, பெயின்ட் அடித்து, மேலே புதுக் கம்பளம் போட்டு விற்கப்படும் கார்கள் ஏராளம். மேலேயுள்ள ஓட்டை அப்படியே இருப்பதால் புதுத் தரையும் சில வருடங்களில் போய்விடும். ஆகவே, வாங்கும் முன் விற்பவரிடம் அனுமதி பெற்று அந்தத் துவாரங்களில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, உள்ளே டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். சரிசெய்வது கடினமே தவிர முடியாததல்ல: மட்கார்டுகளைக் கழற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டு எடுத்து, மேல்தகட்டைப் பிரித்து, அரித்த பகுதியை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, சீலர் பூசி மூட வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் இந்த வேலை தெரியாது. சீரமைப்பாளர்கள் ஒருவருக்கொருவர் பெருமையோடு காட்டிக்கொள்ளும் புகைப்படங்களில் பளபளக்கும் பானெட்டைவிட இந்தப் பெட்டியின் உட்புறம் அதிகமாக இடம்பெறுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மஸ்டாங்கில் தனிச் சட்டகம் கிடையாது; உடலே சட்டகம். எனவே கதவுக்கு அடியில் ஓடும் ராக்கர் தகடும் முன்பக்கச் சட்டக நீட்சிகளும் துருவால் நலிந்திருந்தால், அதைப் பட்டி பூசி மறைத்த காரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கன்வர்ட்டிபிளில் கூரையின் தாங்கல் இல்லாததால் இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு பொருந்தும்.

இன்ஜின் பக்கம் வந்தால் மனம் லேசாகிவிடும். 289இன் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், அந்த மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் ஒரு ஜோடி கான்டாக்ட் பாயின்ட். அதன் இடைவெளியை 0.017 அங்குலமாக ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து அமைக்க வேண்டும். 1-5-4-2-6-3-7-8 என்ற பற்றவைப்பு வரிசையில் ஸ்பார்க் பிளக் வயர்களை மாட்டி, பற்றவைக்கும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் பிடித்துப் பார்த்துச் சரிசெய்தால் இன்ஜின் சீராக ஓடத் தொடங்கும். ஆட்டோலைட் 2100 கார்புரேட்டரை மேசைமேல் பிரித்துச் சுத்தம் செய்து ஒரு மாலைப் பொழுதில் மீண்டும் பூட்டிவிடலாம். கணினியோ சென்சாரோ நடுவில் இல்லாததால், கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கையால் தொட்டறியக்கூடிய காரணம் இருக்கும். இரண்டு விஷயங்களில் மட்டும் காலம் மாறியிருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு 1996 முதல் முற்றிலும் நிறுத்தப்பட்டுவிட்டதால், சிலிண்டர் ஹெட்டைப் பிரிக்கும் சந்தர்ப்பம் வரும்போது ஈயம் இல்லாமலும் தேயாதபடி கடினப்படுத்திய வால்வு சீட்டுகளை (வால்வு வந்து அமரும் வளையங்களை) போட்டுக்கொள்வது நல்லது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கிக் கசியவைக்கும் என்பதால், டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் குழாய்களையும் முதலிலேயே மாற்றிவிட வேண்டும். 200 குதிரைத்திறன் என்ற எண்ணை இன்றைய கார்களோடு ஒப்பிடுவதும் சரியல்ல. அது துணைக்கருவிகள் இல்லாமல் இன்ஜினைத் தனியே வைத்து அளந்த அந்தக் கால முறையில் வந்த எண்.

ஓட்டும்போது கிடைக்கும் மகிழ்ச்சி உண்மையானது, குறைகளும் உண்மையானவை. 1966இல் எல்லா மஸ்டாங்குகளுக்கும் தரப்பட்ட ஐந்து வட்ட மீட்டர்கள், கண்ணெதிரே நீளும் பானெட், தாழ்ந்த சுதியில் முழங்கும் வி8 ஆகியவை சேர்ந்து முப்பது மைல் வேகத்தையே ஒரு பயணமாக்கிவிடுகின்றன. ஆனால் பவர் இல்லாத ஸ்டியரிங்கை நிறைய சுற்ற வேண்டும். வளைவில் உடல் சாயும். பிரேக் விஷயத்தில் நான் எந்தச் சமரசமும் செய்ய மாட்டேன். பிரேக் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு எண்ணெய் வழியே அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர்; 1966 வரை வந்த மஸ்டாங்குகளில் அதற்கு ஒரே ஓர் அறைதான் உண்டு. ஒரு சக்கரத்தில் கசிவு ஏற்பட்டால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967இல் ஃபோர்டே இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டருக்கு மாறியது. அந்த மாற்றத்தையும், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கையும், தோளுக்குக் குறுக்கே வரும் சீட் பெல்ட்டையும் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் முன் செய்தே ஆக வேண்டும். இன்னொரு பரிந்துரை விருப்பத்தைப் பொறுத்தது: முன்சக்கரத்தை உடலோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மின் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கினால் வளைவுகளில் கார் தரையைப் பிடித்து நிற்கும். ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் கண்டுபிடித்து, மஸ்டாங்கின் வேகமான வடிவமான 1965 ஷெல்பி ஜிடி350இல் பயன்பட்ட மாற்றம் இது. செலவு மிகக் குறைவு, பலன் முதல் திருப்பத்திலேயே தெரியும்.

இப்படி மாற்றுவது காரின் அசல் தன்மையைக் கெடுக்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆலையில் பெயின்ட் வழிந்த இடத்தில் அதேபோல் வழியவிட்டு, ஆய்வாளர் கிரேயானால் போட்ட குறியை அதே இடத்தில் அதே நிறத்தில் வரைந்து, அடிப்பாகத்துக்கு அந்த ஆலைக்குரிய நிறத்தையே தேடிப் பூசுகிறார்கள். அந்த அறிவு அவர்களால்தான் அழியாமல் இருக்கிறது. ஆனாலும், ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள் ஓடினால்தான் முழுமை பெறும் என்பது என் தீர்மானம். அமெரிக்க மஸ்டாங் சங்கம் தன் போட்டிகளில் டிரெய்லரில் வரும் கார்களுக்கும் ஓட்டிக்கொண்டு வரும் கார்களுக்கும் தனித்தனிப் பிரிவு வைத்திருப்பது மிகச் சரியான ஏற்பாடு. மாற்றுகிறவர்கள் கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்திருந்தால், அடுத்த உரிமையாளர் விரும்பும்போது பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

மஸ்டாங்காரர்களின் பெருமை எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க, ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை மிச்சிகனின் வுட்வர்ட் அவென்யூவுக்கு வர வேண்டும். ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டுவதற்காக 1995இல் தொடங்கிய டிரீம் குரூஸ் அணிவகுப்பு, இன்று பழைய கார்களின் மிகப் பெரிய கூடுகை ஒன்றாக வளர்ந்திருக்கிறது. அங்கே நிற்கும் கார்களின் அருகில் விரித்து வைத்திருக்கும் புகைப்படத் தொகுப்பைப் புரட்டிப் பார்க்கக் கேட்டால், அந்நியரிடமும் உரிமையாளர் அரை மணி நேரம் மனம் விட்டுப் பேசுவார். சிகாகோவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, அதிகாரபூர்வ அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, 1964 ஏப்ரல் 15 அன்றே ஒரு நீல நிறக் கன்வர்ட்டிபிளை வாங்கினார். பல ஆண்டுகள் கொட்டகையில் ஓடாமல் கிடந்த அந்தக் காரை அவருடைய கணவர் பின்னாளில் சீரமைத்து ஓடவைத்தார். வரிசை எண் 1 கொண்ட வெள்ளை மஸ்டாங் டியர்போர்னின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் எதிரே நின்று பார்த்தபோதும் எனக்கு அந்தக் குடும்பத்தின் கார்தான் மேலானதாகப் பட்டது.

மிச்சிகனில் வாங்குபவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. 25 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குத் தரப்படும் வரலாற்று வாகன நம்பர் பிளேட் செலவு குறைந்தது, ஆனால் கண்காட்சி, சங்க நிகழ்ச்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே செல்லும். ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் பொதுப் பயன்பாட்டுக்கும் அனுமதி உண்டு. வாராவாரம் ஓட்ட நினைப்பவர் சாதாரண நம்பர் பிளேட்டையே எடுத்துக்கொள்வது நல்லது. காப்பீட்டையும் முன்கூட்டி ஒப்புக்கொண்ட மதிப்பின் அடிப்படையில் எடுங்கள். இல்லாவிட்டால் விபத்து நேரும்போது உங்கள் உழைப்பு வெறும் பழைய காரின் விலையில் கணக்கிடப்படும்.

வி8க்குப் பணம் போதவில்லை என்றால், ஆறு சிலிண்டர் ஹார்ட்டாப்பைத் தயங்காமல் வாங்கலாம். அதன் உடலும் உள்ளமைப்பும் பெரும்பாலும் ஒன்றுதான், இன்ஜினைச் சுற்றிக் கைவிட்டு வேலை செய்ய இடமும் அதிகம். வாங்கியபின் அந்த நான்கு நட்டுச் சக்கரத்தை மாற்ற அவசரப்பட வேண்டாம்; முதலில் முன் கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டுப் பெட்டியைச் சரிசெய்யுங்கள், அடுத்து பிரேக்கைப் பாருங்கள்.