விஸ்பரிங் பைன்ஸ்: சிந்தியா என்னும் நோயாளி

அமெரிக்கக் காணொளிக் கலைஞர் ஷானா மோல்டன் 2002-இல் தொடங்கிய 'விஸ்பரிங் பைன்ஸ்' தொடரில் சிந்தியா என்ற பெண்ணாக அவரே நடிக்கிறார். கலிபோர்னியாவில் யோசமிட்டி தேசியப் பூங்கா அருகே அவர் வளர்ந்த, முதியோருக்கான டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பின் பெயரையே தொடருக்கும் வைத்திருப்பதால், அவருடைய இளமைக் கதை வரும் என்று எதிர்பார்த்து உட்காருபவர்கள் ஏமாந்துபோவார்கள். தன் வாழ்க்கையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை நிகழ்ச்சிகளைவிடப் பொருட்களும் பயங்களுமே.

சிந்தியா பிறந்த விதமே சுவையானது. மூல நோயாளிகள் உட்காரும் வளையத் தலையணை போன்ற மருத்துவச் சாதனங்களைத் துணியோடு சேர்த்துத் தைத்து மோல்டன் சில உடைகளை உருவாக்கினார். அவற்றை உடுத்திக்கொள்ள ஒருத்தி வேண்டியிருந்தது. அப்படி வந்தவள், உடம்புக்கு ஏதோ செய்கிறது என்ற கவலையிலேயே வாழ்பவளாகவும், மசாஜ் கருவி, முகப்பூச்சு, படிகக்கல் என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் நிவாரணம் தேடுபவளாகவும் ஆனதில் வியப்பில்லை. அவள் அநேகமாகப் பேசுவதே இல்லை. விளம்பரம் வாக்களித்ததை அப்படியே நம்பும் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும்போதே, நம் வீட்டு மருந்து டப்பாவும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

இத்தொடருக்கு வெளியே, 2012-இல் வந்த 'ரெஸ்ட்லெஸ் லெக் சாகா' இந்த முறையின் உச்சம் என்பேன். ஓய்வெடுக்க மறுக்கும் கால்களுக்குச் சிந்தியா மருந்து விளம்பரங்களுக்குள்ளேயே தீர்வு தேடுகிறாள். மலிவான வரைகலை உத்திகள் வெட்டி ஒட்டியது போலவே தெரிகின்றன. அதை மறைக்க மோல்டன் முயலாதது நல்லதாயிற்று, ஏனெனில் பளபளப்பாக எடுத்திருந்தால் இதுவும் இன்னொரு விளம்பரமாகியிருக்கும்.

குறை என்றால், ஓர் உபாதை, ஒரு பொருள், பிறகு வண்ணமயமான ஒரு மயக்கம் என்ற வரிசை பல பகுதிகளில் திரும்பத் திரும்ப வருவதுதான். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்தால் அலுத்துவிடும். இசையமைப்பாளர் நிக் ஹாலெட்டுடன் ஓபெராவாக உருவான பத்தாம் பகுதியில்தான், பாட்டு வந்து சேர்ந்ததால், இந்தச் சட்டகம் கொஞ்சம் தளர்கிறது.

வசனம் குறைவு என்பதால் ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாதவர்களும் தயங்காமல் பார்க்கலாம். ஒலியமைப்புக்காக ஹெட்ஃபோன் அவசியம். புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் பகுதியை விட்டுவிட்டு, கால்களின் கதையிலிருந்தே தொடங்கலாம்.