சோனி ஏ7-இல் ஹீலியோஸ் 44-2: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஹீலியோஸ் 44-2 என்ற இந்தப் பழைய லென்ஸ் என்றாலே எல்லோரும் கேட்பது அந்தச் சுழல் போக்கேயை, அதாவது மங்கலான பின்னணி சுழல்வது போலத் தெரிவதைத்தான். வரும், ஆனால் எல்லா இடத்திலும் வராது. எஃப்2-இல், அதாவது அப்பெர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுக்கத் திறந்து, ஆளை ஒன்றரை மீட்டரில் உட்கார வைத்து, நாலைந்து மீட்டர் பின்னால் இலைச் சந்துகளில் வெளிச்சம் கசியும் புங்கமரம் ஒன்று இருந்தால், ஓரத்து ஒளிப்புள்ளிகள் நசுங்கி முகத்தைச் சுற்றி வட்டமடிக்கும். வெறும் சுவர் என்றால் ஒன்றும் தெரியாது. சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி கேமராவில் ஓரங்கள் வெட்டுப்படுவதால் சுழலும் வெகுவாகக் குறைந்துவிடும்.

நானும் சுழலுக்காகத்தான் வாங்கினேன். இப்போது பெரும்பாலும் எடுப்பது துளையைச் சற்றே மூடி, எஃப்2.8-இல். கார்ல் சைஸ் ஜெனாவின் பயோட்டார் 58 மி.மீ. வடிவமைப்பைத் தழுவி, சோவியத் யூனியனில் ஜெனிட் கேமராக்களோடு வந்த லென்ஸ் இது. கண்ணாடி மேல் இருப்பது பழைய கோட்டிங் (பூச்சு), அதனால் கான்ட்ராஸ்ட் குறைவு. வயதானவர்களின் முகத்துக்கு அதுதான் வரம்! நெற்றிச் சுருக்கம் ஒன்றுகூட மறையாது, ஆனால் வெயிலில் புது லென்ஸ்கள் காட்டும் கடுமை இருக்காது. வெளிச்சம் நேராக லென்ஸில் விழுந்தால் மட்டும் படம் வெளிறிவிடும். அதை மறைக்க 49 மி.மீ. ரப்பர் ஹுட் ஒன்று கட்டாயம் போடுங்கள்.

கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ் இது. கூர்மையான இடங்களை நிறத்தில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் நம்ப வேண்டாம். எஃப்2-இல் இமையும் புருவமும் சேர்ந்தே மின்னும். படத்தைப் பெரிதாக்கும் வசதியை ஒரு பட்டனில் வைத்துக்கொண்டு, இமைமுடி தனித்தனியாகத் தெரியும்வரை திருப்புவேன். ஓடியாடும் குழந்தைகளுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸே சரி.

எனக்கு மிகவும் பிடித்தது அப்பெர்ச்சருக்கான இரட்டை வளையம். ஒன்றை 2.8-இல் நிறுத்திவிட்டால், கிளிக் இல்லாத மற்றது அதுவரைதான் மூடும். முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே மூடிக்கொள்ளலாம்.

இது எம்42 என்ற திருகு மவுண்ட் லென்ஸ். அந்த மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே 45.46 மி.மீ. வேண்டும், சோனி இ மவுண்ட்டில் இருப்பது 18. மீதியை நிரப்பும் அடாப்டர் கண்ணாடியே இல்லாத உலோக வளையம்தான், தரம் குறையாது. நிக்கான் டிஎஸ்எல்ஆரில் அந்த இடைவெளி 46.5 என்பதால், கண்ணாடி இல்லாத அடாப்டரில் தூரத்துக் காட்சிகளுக்கு ஃபோகஸ் கிடைக்காது. இந்த லென்ஸ் மாட்டியிருப்பது சோனிக்குத் தெரியாது, அதனால் கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மாற்றிவிடுங்கள்.

சென்னை ஈரத்தில் பெரிய எதிரி பூஞ்சை. மழை மாதங்களில் என் லென்ஸ் ஈரம் அண்டாத டிரை கேபினட்டை விட்டு வேலைக்கு மட்டும்தான் வெளியே வரும். வாங்கும்போது பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். அப்பெர்ச்சர் பிளேடுகளில் எண்ணெய் இருந்தால் பயமில்லை, கையால் திறந்து மூடும் அப்பெர்ச்சர் என்பதால் சிக்காது. தூசியும் படத்தில் தெரியாது. சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுத் தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.