வெளியீட்டுப் பிழையைக் கண்டறிய குளோஸ்-எஸ்டிடிஅவுட்: பல பருவங்களின் பயன்பாட்டு அனுபவம்

கிருஷ்ணகிரி வட்டார மாங்கூழ் ஆலைகளின் எடைமேடைகளுக்கான கணக்கு நிரல்களைச் சி மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். அவை லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக்ஓஎஸ் ஆகிய மூன்றிலும் ஓட வேண்டும். குனூலிப் என்ற பொது நிரல் தொகுப்பில், நிரல் முடியும்போது வெளியீடு முழுதும் எழுதப்பட்டதா என்று சோதிக்கும் குளோஸ்-எஸ்டிடிஅவுட் செயற்கூற்றைப் பல மாம்பழப் பருவங்களாக அவற்றில் பயன்படுத்துகிறேன். சிறு கருவிகளுக்கு அது போதும். நாள் முழுதும் ஓடும் நிரலுக்குப் போதாது.

ஓர் ஆலையில் முன்பிருந்த நிரல், வட்டு நிரம்பிய பிறகும் பூஜ்ஜிய நிலையுடன், அதாவது எல்லாம் சரி என்று சொல்லியே முடிந்தது. "சீட்டு கையில இருக்குதுண்ணா, கணக்குல வண்டியே இல்ல" என்றார் எடைமேடைத் தம்பி. கோப்பைத் திறந்து பார்த்தால், சரியாக 4096 பைட்டுகளின் மடங்கில், ஒரு வண்டி எண்ணின் நடுவிலேயே அது அறுந்திருந்தது. கோப்புக்குப் போகும் வெளியீட்டை அச்சிடும் செயற்கூறான பிரிண்ட்எஃப் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்துவிட்டு வெற்றி என்று திரும்பிவிடுகிறது. உண்மையான எழுதுதல் நிரல் முடியும்போது நடந்து தோற்றால், அதைக் கேட்க ஆளில்லை. ஆகவே ஒவ்வொரு பிரிண்ட்எஃப்பின் விடையையும் சோதிப்பது உழைப்புதானே தவிர, பாதுகாப்பு அல்ல.

குளோஸ்-எஸ்டிடிஅவுட்டை, முடிவில் ஓட வேண்டியவற்றைக் குறித்துவைக்கும் ஏட்எக்ஸிட் வழியாகப் பதிவு செய்துவிட்டால், நிரல் முடியும் தருணத்தில் அது எஃப்எரரையும் (முன்பு பிழை நேர்ந்ததா என்று சொல்வது) எஃப்குளோஸையும் (மிச்சத்தை எழுதிக் கோப்பை மூடுவது) சேர்த்தே சோதித்து, பிழை இருந்தால் செய்தி சொல்லித் தோல்வி நிலையுடன் வெளியேறும். இரண்டும் வேண்டும்: நடுவில் ஒருமுறை தோற்று, பின்னர் வட்டில் இடம் கிடைத்துக் கடைசிப் பகுதி எழுதப்பட்டால், எஃப்குளோஸ் மட்டும் வெற்றி என்றே சொல்லும். பதிவானவை தலைகீழ் வரிசையில் ஓடுவதால், இதை, நிரல் தொடங்கும் இடமான மெயினின் முதல் வரியிலேயே பதிவு செய்வது நல்லது. அப்போதுதான் பிற முடிவுச் செயற்கூறுகள் அச்சிடுவதும் சோதனைக்குள் வரும்.

சோதித்துப் பார்க்க லினக்ஸில் எப்போதும் நிரம்பிய வட்டுபோல் நடக்கும் /டெவ்/ஃபுல் என்ற சாதனக் கோப்பு இருக்கிறது. வெளியீட்டை அதற்குத் திருப்பினால், இடமில்லை என்ற பிழை உடனே வரும். மேக்ஓஎஸில் அது கிடையாது. அங்கே ஷெல்லின் யுலிமிட் கட்டளையால் கோப்பின் அளவுக்கு வரம்பு வைத்து, வரம்பு மீறும்போது வரும் எஸ்ஐஜி-எக்ஸ்எஃப்எஸ்இசட் சிக்னலை டிராப் கட்டளை மூலம் புறக்கணிக்கச் செய்கிறேன். இல்லாவிட்டால் பிழையைச் சொல்வதற்குள் அந்தச் சிக்னலே நிரலைக் கொன்றுவிடும். (போசிக்ஸ் தரத்தில் இந்த வரம்பின் அலகு 512 பைட்டு, பாஷ் ஷெல் வழக்கமாக 1024 என்று கணக்கிடும்.)

குறைகளும் உண்டு. மேலே சொன்ன நடுவழித் தோல்வியில் பிழையின் காரணத்தைக் குறிக்கும் எண்ணான எர்நோவின் மதிப்பு எப்போதோ மாறிப்போயிருக்கும் என்பதால், காரணம் எதுவும் இன்றி வெறும் எழுதுதல் பிழை என்ற செய்திதான் வரும். முதல் சில வரிகளை மட்டும் படிக்கும் ஹெட் போன்ற கட்டளை குழாயை (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தரும் இணைப்பை) முன்கூட்டியே மூடும்போது, அதற்காக வரும் சிக்பைப் சிக்னல் புறக்கணிக்கப்பட்டிருந்தால் அதுவும் பிழையாகத் தெரியும். இதை விட்டுவிடச் சொல்லும் வசதி அதே தொகுப்பில் இருக்கிறது. நிரல் சிக்னலால் கொல்லப்பட்டாலோ, அடிக்கோட்டு எக்ஸிட்டால் (_exit) வெளியேறினாலோ ஏட்எக்ஸிட் ஓடாது, சோதனையும் நடக்காது.

பெரிய குறை காலம் சார்ந்தது. காலையில் தொடங்கிய எடைமேடை நிரல் இரவில்தான் முடிகிறது. பத்து மணிக்கு நிரம்பிய வட்டைப் பற்றி இரவில் அறிவதால், தோத்தாபுரியை இறக்கிவிட்டு ஊர் திரும்பிய விவசாயிக்கு என்ன பயன்? அதனால் ஒவ்வொரு வண்டியின் வரிக்கும் பிறகு பஃபரைக் காலி செய்யும் எஃப்ஃபிளஷ் அழைத்து, அந்த இடத்திலேயே எர்நோவைச் சேமித்து, அடுத்து, தரவை வட்டுக்கே கொண்டுசேர்க்கும் எஃப்சிங்க் அழைக்கிறேன். கணக்கறைக் கணினியின் வட்டு என்எஃப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்பு முறை வழியாக இணைந்திருக்கும் இடங்களில் இது கட்டாயம். அங்கே எழுதும் அழைப்பான ரைட் வெற்றி பெற்று, பிழை எஃப்சிங்க்கிலோ குளோஸிலோதான் தலைகாட்டலாம். வெளியீடு குழாயாக இருந்தால் எஃப்சிங்க் தரும் ஈஇன்வால் (இங்கே பொருந்தாத அழைப்பு) பிழையைப் பொருட்படுத்துவதில்லை. எஃப்சிங்க் தோற்றால் அதையே திரும்ப அழைத்துப் பார்ப்பதுமில்லை; லினக்ஸில் பிழை ஒருமுறை அறிவிக்கப்பட்ட பின், அடுத்த அழைப்பு தரவு போய்ச் சேராமலேயே வெற்றி என்று திரும்பக்கூடும். அந்த வண்டியின் சீட்டை நிறுத்திவைத்து, வரியை வேறொரு வட்டில் புதிதாக எழுதிய பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன்.